மணலைத் தானே விலக்கும் ஆறு

துஜியாங்யானில் அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. ஆற்றின் நடுவே நீளவாக்கில் ஒரு கரை, அதன் வால்பக்கத்தில் தாழ்வான ஒரு கலிங்கு, மலையைப் பிளந்த ஒரு குறுகிய வழி. அவ்வளவுதான். கி.மு. 256 வாக்கில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்றும் 6 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்துக்குத் தண்ணீர் தருகிறது. குறுக்கே அணை என்று ஒன்றைக் கட்டாமலே இதைச் செய்தார்கள்.

இடம், சீனாவின் சிச்சுவான் மாகாணம். தலைநகர் செங்டுவிலிருந்து வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய. நானும் என் மனைவியும் பயண நிறுவனம் எதையும் நாடாமல் போயிருந்தோம். பாஸ்போர்ட்தான் டிக்கெட், கைப்பேசிச் செயலிதான் மொழிபெயர்ப்பாளர். இப்படிப் போவதில் தொல்லை உண்டு. தட்டில் இருப்பது காளானா இறைச்சியா என்று உறுதி செய்துகொள்வதற்குள் பசியே அடங்கிவிடும். லாபமும் உண்டு. கொடி பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் வரும் கூட்டம் அன்லான் தொங்குபாலத்தில் ஆடிக்கொண்டே படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நாங்கள் பாட்டுக்கு நின்று, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். இங்கே பார்க்கவேண்டியது அதுதான் என்பது என் கட்சி.

மின் ஆறு யாங்சியின் துணையாறு. உயர்ந்த மலைகளிலிருந்து சரிவில் பாய்ந்து வந்து, துஜியாங்யானில் சட்டென்று செங்டு சமவெளியில் இறங்குகிறது. வேகம் குறைந்ததும் சுமந்து வந்த கல்லையும் மணலையும் போட்டுவிடுகிறது. படுகை மேடாகிறது, அடுத்த வெள்ளம் கரையைத் தாண்டுகிறது. கோடையில் ஊர் மூழ்கும், வசந்தத்தில் நாற்றுக்குத் தண்ணீர் இருக்காது. கி.மு. 316இல் இந்தப் பகுதியைக் கைப்பற்றிய சின் அரசு, பிற்பாடு லி பிங் என்பவரை ஆளுநராக அனுப்பியது. அவர் முன்னால் இருந்த சிக்கல் இரட்டைச் சிக்கல். குறுக்கே அணை கட்டினால் படகுகள் போகமுடியாது. போக்குவரத்தை விட்டுக்கொடுத்துக் கட்டினாலும், அணைக்குப் பின்னால் சில தலைமுறைகளில் மணல் நிரம்பிவிடும்.

அவர் ஆற்றை நிறுத்தவில்லை, பிரித்தார். நடுவில் போட்ட கரையின் கூர்மையான முனைக்கு யூஸூய், அதாவது மீன்வாய் என்று பெயர். ஆறு அங்கே இரண்டாகிறது. வெளியாறு அகலமானது, ஆழமில்லாதது. பழைய போக்கிலேயே யாங்சியை நோக்கிப் போகிறது. உள்ளாறு குறுகலானது, ஆழமானது, வயலுக்குப் போகிறது. நீர் குறைந்த காலத்தில் ஓட்டம் பள்ளத்தைத் தேடுவதால், பத்தில் ஆறு பங்கு உள்ளாற்றுக்குள் நுழைகிறது. வெள்ளம் வந்தால் ஆறு வளைவைப் பொருட்படுத்தாமல் நேராக அகலமான பக்கம் பாய்கிறது. அப்போது ஆறு பங்கு வெளியாற்றுக்கு, நான்கு பங்கு உள்ளே. யாரும் மதகைத் திருக வேண்டியதில்லை.

“ஏங்க, தண்ணியப் பிரிச்சது சரி. மணலை எப்படிப் பிரிச்சாங்க?” என்றாள் மனைவி. கணக்கு ஆசிரியையாக இருந்தவள். பாதி விடையோடு யாரையும் விடமாட்டாள்.

விடையைச் சிச்சுவானின் எந்தத் தேநீர்க் கடையிலும் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். மூடிபோட்ட கோப்பையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றித் தருகிறார்கள். மூடியின் விளிம்பால் ஒரு சுழற்றுச் சுழற்றினால், அடியில் தங்கிய இலைகள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் வந்து குவியும். சுழலும் பொருள் வெளிப்பக்கம்தானே ஒதுங்கவேண்டும்? ஐன்ஸ்டைன் 1926இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்குக் காரணம் சொன்னார். சுழலும் நீர் ஓரத்தை நோக்கித் தள்ளப்படுவதால் அங்கே மட்டம் சற்று உயர்கிறது, அழுத்தமும் கூடுகிறது. அடியில் உள்ள நீரோ கோப்பையின் தரையில் உராய்ந்து வேகம் இழந்திருக்கிறது. வெளியே போக அதற்குத் தெம்பு இல்லை. ஓரத்து அழுத்தம் அதை நடுவை நோக்கித் தள்ளுகிறது, இலையும் கூடவே போகிறது. அந்தக் கட்டுரை தேநீரைப் பற்றியது அல்ல. ஆறுகள் ஏன் வளைந்து வளைந்து ஓடுகின்றன என்பதைப் பற்றியது. ஆற்று வளைவிலும் இதேதான் நடக்கிறது. மேல்நீர் வளைவின் வெளிக்கரைக்கு ஒதுங்குகிறது, அடியில் உருளும் மணலும் கூழாங்கல்லும் உட்கரைக்குப் போகின்றன.

மீன்வாய் அமைந்திருப்பது அப்படியொரு வளைவில். உள்ளாற்றின் வாய் வளைவின் வெளிக்கரையில் இருக்கிறது. ஆகவே வயலுக்குப் போவது பெரும்பாலும் தெளிந்த மேல்நீர். மணலில் பெரும்பகுதி வெளியாற்றோடு போய்விடுகிறது. ஐன்ஸ்டைனின் விளக்கம் லி பிங்குக்குத் தேவைப்படவில்லை. மழையிலும் வறட்சியிலும் கரையில் நின்று ஆற்றைப் பார்த்த தலைமுறைகளின் அறிவு அவருக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

தப்பி வரும் மணலுக்கு இரண்டாவது வடிகட்டி. உள்ளாறு கொஞ்ச தூரம் போனதும் யூலெய் மலை குறுக்கிடுகிறது. அதை வெட்டி ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தில் ஒரு வழி திறந்தார்கள். பாவ்பிங்கோவ், குடுவையின் கழுத்து. வெடிமருந்து பிறக்க இன்னும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருந்தது. பாறையைத் தீமூட்டிச் சூடேற்றி, தண்ணீரை ஊற்றி விரிசல் விடச்செய்து, பெயர்த்துப் பெயர்த்து எடுத்தார்கள். எட்டு ஆண்டு ஆனது என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. இந்தக் கழுத்தின் வேலை வழிவிடுவது மட்டுமல்ல, மறுப்பதும்தான். வெள்ளம் எவ்வளவு வந்தாலும் அதற்குள் ஓரளவுக்கு மேல் நுழையாது. மிச்சம் முட்டித் திரும்பிச் சுழல்கிறது. அங்கே வளைவின் உட்பக்கத்தில், அதாவது மணல் ஒதுங்கும் பக்கத்தில், சுமார் 2 மீட்டர் உயரமும் 200 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட ஃபெய்ஷாயான் கலிங்கு காத்திருக்கிறது. பெயரின் பொருள், மணல் பறக்கும் கலிங்கு. மிஞ்சிய நீர் மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு அதன் மேல் ஏறி வெளியாற்றில் விழுகிறது. வெள்ளம் பெரிதாகப் பெரிதாகச் சுழலும் வலுக்கிறது. கலிங்கு தள்ளும் கல்லும் பெரிதாகிறது. அழிக்க வந்த வெள்ளத்தையே துப்புரவுக்கு அமர்த்திக்கொண்ட இந்தச் சாமர்த்தியம்தான் எனக்கு மொத்தத்திலும் பிடித்த பகுதி.

அப்படியும் கொஞ்சம் மணல் தங்கிவிடும். ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஆற்றின் ஒரு பக்கத்தை மறித்து ஆட்கள் இறங்கித் தூர்வாருவார்கள். முன்பெல்லாம் மரக்கட்டைகளால் முக்காலி கட்டி வரிசையாக நிறுத்தி, கல்லைப் பாரமாக ஏற்றி, மூங்கில் பாயும் களிமண்ணும் வைத்து அடைத்தால் தற்காலிகக் கொரம்பு தயார். எந்த ஆழம் வரை தோண்டுவது? படுகையில் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருந்தார்கள்; அவை கண்ணில் படும்வரை தோண்டவேண்டும். லி பிங்குக்கும் அவர் மகனுக்கும் எழுப்பிய எர்வாங் கோயிலின் சுவரில் இந்த விதி செதுக்கப்பட்டிருக்கிறது: படுகையை ஆழமாகத் தோண்டு, கலிங்கைத் தாழ்வாகவே வை. இரண்டாவது பாதி முக்கியமானது. தோண்டச் சோம்பி, கலிங்கை உயர்த்திக் கூடுதல் தண்ணீர் பிடிக்கும் ஆசை எந்த அதிகாரிக்கும் வரும். உயர்த்திய மறு வெள்ளத்திலேயே மணல் ஊருக்குள் போய்விடும்.

2,200 ஆண்டு பழைமை என்று நுழைவாயிலில் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கரையைக் கட்டியது கல் நிரப்பிய நீண்ட மூங்கில் கூடைகளால். சில ஆண்டுகளில் மூங்கில் இற்றுப்போகும், மாற்றவேண்டும். 1933இல் மேலே தியெக்சியில் வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து ஆற்றை மறித்தது. பின்னர் அந்த அடைப்பு உடைந்து வந்த வெள்ளத்தில் மீன்வாயே அடித்துக்கொண்டு போனது. இன்று நாம் மிதிப்பது சிமென்ட். லி பிங் காலத்திலிருந்து மிஞ்சியது, மலையில் வெட்டிய கழுத்தும், எதை எங்கே வைப்பது என்ற அமைப்பும், தூர்வாரும் வழக்கமும்தான். மூங்கில் கூடைக்கு ஒரு நன்மை இருந்தது. நீர் அதன் ஊடே புகுந்து போகும், படுகை இறங்கினால் கூடையும் வளைந்து கூடவே இறங்கும். விறைப்பான கல்சுவர் என்றால் வெடித்துவிடும்.

1974இல் வெளியாற்றில் மதகு கட்டும்போது படுகையிலிருந்து லி பிங்கின் கற்சிலை ஒன்று கிடைத்தது. 2.9 மீட்டர் உயரம், கி.பி. 168இல் செய்ததாக அதன் மேலேயே பொறித்திருக்கிறது. ஆற்றில் கல்மனிதர்களை நிறுத்தி, நீர் காலுக்குக் கீழே இறங்காமலும் தோளுக்கு மேலே ஏறாமலும் பார்த்துக்கொண்டார்கள் என்று பழைய நூல் சொல்கிறது. சிலை இப்போது ஃபுலாங் கோயிலில் இருக்கிறது. முகத்தில் லேசான புன்னகை.

சில கிலோமீட்டர் மேலே ஸிபிங்பு அணை நிற்கிறது, 156 மீட்டர் உயரம், 2006இல் முடிந்தது. 2008 மே 12 நிலநடுக்கத்தில் அதன் கான்கிரீட் முகப்பு சேதமடைந்தபோது சமவெளி முழுவதும் பதறியது, அணை தாங்கிவிட்டது. கீழே எர்வாங் கோயில் இடிந்து சரிந்தது, மீன்வாயில் விரிசல் விழுந்தது, தண்ணீர் வழக்கம்போல் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. உயரமாக எதையும் தேக்கி வைக்காததால் உடைந்து பாய அங்கே எதுவும் இல்லை. இப்போது வெள்ளத்தையும் வண்டலின் பெரும்பகுதியையும் ஸிபிங்புவே பிடித்துவைத்துவிடுகிறது. மீன்வாய்க்குப் பாதி வேலைதான். முக்காலிக் கொரம்பை இப்போது ஏப்ரலில் சிங்மிங் பண்டிகையை ஒட்டிய நீர்திறப்பு விழாவுக்காகக் கட்டுகிறார்கள். கயிற்றை இழுத்து அதைச் சாய்த்ததும் தண்ணீர் பாய்கிறது, கரையில் நிற்கும் கூட்டம் கைதட்டுகிறது. அந்த வாரம் போக நினைப்பவர்கள் ரயிலையும் அறையையும் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வது நல்லது.