வீட்டு அடுப்பும் விற்பனைச் சட்டமும்

ரமளான் பிறந்துவிட்டால் இராயப்பேட்டை, மீர்சாகிப்பேட்டை இல்லங்களிலிருந்து சமோசாவும் வட்டலாப்பமும் தியாகராய நகர், அடையாறு வரை விலைக்குச் செல்கின்றன. பல குடும்பங்களில் இந்த அடுப்புதான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைச் செலுத்துகிறது. எனினும், “நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்? எனக்கேன் சட்டம்?” என்று கேட்கும் சகோதரிகள் உண்டு.

சட்டம் அவ்வாறு கருதவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், இலாபம் நாடினாலும் நாடாவிடினும் அதனை உணவுத் தொழில் என்றே கொள்கிறது. சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் வேண்டாம், பதிவே போதும் என்று 2011இல் வந்த விதிமுறைகள் கூறின. அன்று வகுத்த வரம்பு ஆண்டுக்கு 12 இலட்ச ரூபாய் விற்பனை. கட்டணம் 100 ரூபாய். இவை திருத்தத்திற்கு உட்பட்டவை. ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ளதை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டறிவது நலம். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவானால் 14 இலக்க எண் கிடைக்கும். அதிகாரி வந்து அடுக்களையைப் பார்வையிடவும் கூடும், அஞ்ச வேண்டியதில்லை. தூய நீர், மூடிய பாத்திரம், வெட்டிய நகம், நோயுற்றவர் அன்று சமைக்காதிருத்தல் ஆகியவை நம் இல்லங்களுக்குப் புதியன அல்லவே!

எண்ணெய் விஷயத்தில்தான் நாம் தவறுகிறோம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பெருகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்ற விதி 2018 ஜூலையில் நடப்புக்கு வந்தது. வீட்டில் இதனை அளக்க இயலாது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயைக் கழித்துவிட வேண்டும். நேற்றைய எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றிச் சமாளிப்பது சிக்கனமாகாது. சமோசாவைச் செய்தித்தாளில் பொதிவதற்கும் தடை உண்டு; அச்சு மை உணவில் இறங்கும்.

பெட்டியில் அடைத்து விற்பவர் பெயர், முகவரி, சேர்மானங்கள், எடை, தயாரித்த நாள், கெடுநாள், பதிவு எண் ஆகியவற்றை அச்சிட வேண்டும். இங்கே பலர் அறியாத செய்தி ஒன்று. வட்டலாப்பத்தில் இறைச்சி இல்லை என்பதால் பச்சை வட்டம் போட்டுவிடுகிறார்கள். அதில் முட்டை இருக்கிறது. விதிப்படி முட்டை அசைவமே. பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இட வேண்டும். ஹலாலா என்று நாம் விசாரித்து வாங்குவது போல, மயிலாப்பூரில் அடுத்த வீட்டு மாமியும் அந்தக் குறியைப் பார்த்துத்தான் பெட்டியைத் திறக்கிறார்.