மூளைக்குள் ஒரு தேசப்படம்

மூளையில் கட்டி என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் நம் வீடுகளில் பாதி உயிர் போய்விடுகிறது. "மண்டையைத் திறந்தால் பேச்சுப் போய்விடுமாமே, கை கால் விழுந்துவிடுமாமே" என்று யாரேனும் ஒரு பெரியவர் சொல்லிவைப்பார். அதன் பேரில் சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப் போகும். இந்தப் பயம் அர்த்தமற்றதன்று. ஆனால் ரண வைத்தியர்களுக்கும் இதே பயம் உண்டு என்பதையும், அதற்குப் பரிகாரம் தேடியே ஒரு புதிய வித்தையை அவர்கள் வளர்த்திருக்கிறார்கள் என்பதையும் நேயர்கள் அறிவது நலம்.

1884-ம் வருஷம் நவம்பர் மாதம் லண்டனில் ரிக்மன் காட்லீ என்பவர் ஒரு வாலிபனின் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார். உள்ளே பார்க்க அப்போது எந்தச் சாதனமும் இல்லை. எக்ஸ் கதிர்களே 1895-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. எந்தப் பக்கம் முகம் துடித்தது, எந்தக் கை சோர்ந்தது என்ற அடையாளங்களைக் கொண்டே பென்னெட் என்ற டாக்டர் இடத்தைக் கணித்துச் சொன்னார். கணக்குத் தப்பவில்லை. நோயாளியோ ஏறக்குறைய ஒரு மாதத்தில், புண்ணில் விஷம் ஏறி இறந்துபோனான்.

நமது தேசத்தில் இந்த வித்தை வேரூன்றியது சுதந்திரம் வந்த பிறகு. 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் மூளை ரண சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அதுவே முதலாவது. மறு வருஷம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இவர் பிறந்தது நம் தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சீர்காழியில். பழைய தஞ்சை ஜில்லாவின் பெருமைகளைக் கோபுரங்களோடு நிறுத்திவிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சாண்டி, கானடாவிலுள்ள மாண்ட்ரீலில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்றவர். பென்பீல்டு, நோயாளியை விழித்திருக்கச் செய்து, திறந்த மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எதற்கு உரியது என்று குறித்துக்கொண்டவர். கேட்கவே நடுக்கமாயிருக்கிறதல்லவா? ஆனால் மூளைக்குத் தன் வலி தெரியாது. தோலுக்கு மரப்பு மருந்து இருந்தால் போதும்.

1971-ல் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த ஸ்கான் யந்திரமும், பின்னர் வந்த காந்த ஸ்கானும் கட்டியின் உருவத்தைத் திறக்காமலே காட்டிவிட்டன. ஆனால் கட்டியை ஒட்டியுள்ள பகுதி பேச்சுக்குரியதா, வெறும் நிலமா என்பதை அவை சொல்லவில்லை. 1990-ல் ஜப்பானியரான ஸெய்ஜி ஒகாவா அதற்கு வழி காட்டினார். பிராணவாயு நிறைந்த ரத்தமும் அதை இழந்த ரத்தமும் காந்தத்துக்கு வெவ்வேறாகத் தெரியும். வேலை செய்யும் பகுதிக்குப் புது ரத்தம் அதிகமாகப் பாய்கிறது. ஆகவே நோயாளியை யந்திரத்துள் படுக்கவைத்து, விரலை மடக்கச் சொன்னால் கைக்குரிய இடம் படத்தில் துலங்குகிறது. மனத்துக்குள் சொற்களை நினைக்கச் சொன்னால் பேச்சுக்குரிய இடம் துலங்குகிறது.

இப்படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதைப் பார்த்தபடியே ரண சிகிச்சை செய்கிறார்கள். வைத்தியர் கையிலுள்ள கோலின் முனை எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும். கரையிலுள்ள கோபுரத்தையும் பனைகளையும் பார்த்து நம்மூர்ச் செம்படவர் கடலில் தம் இடத்தை அறிவதுபோல என்று சொல்லலாம். ஆயினும் ஒரு சங்கடம் உண்டு. மண்டையைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை சற்றே சரிந்து இடம் மாறுகிறது. மாசிலாமணிநாதர் கோயிலைக் கடல் அரித்த பிறகு பழைய கரையின் படம் எவ்வளவு உதவுமோ, காலையில் எடுத்த படமும் அவ்வளவே உதவும். அதற்காகச் சில ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை நடக்கும் அறையிலேயே காந்த ஸ்கானை வைத்து, நடுவில் மறுபடி படம் எடுக்கிறார்கள். தவிர, கட்டி ரத்த ஓட்டத்தைக் குழப்பி, உயிரோடிருக்கும் பேச்சுப் பகுதியைப் படத்தில் மறைத்துவிடுவதும் உண்டு. எனவே, கட்டி பேச்சுக்கு அருகிலிருந்தால், பென்பீல்டின் பழைய முறையும் கூடவே வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பாஷை விஷயம் வருகிறது. இரண்டு பாஷை அறிந்தவர் மூளையில் அவ்விரண்டின் இடங்களும் முழுதும் ஒன்றாக இருப்பதில்லை என்று ஓஜமன், விட்டேகர் என்ற இருவர் 1978-ல் எடுத்துக்காட்டினர். இங்கிலீஷில் மட்டும் சோதித்துவிட்டுக் கட்டியை எடுத்தால், அடுப்பங்கரையில் பேசும் தமிழ் அடிபட்டுப் போகலாம். ஆகவே வீட்டில் பேசுவது எது, கணக்குப் போடுவது எந்தப் பாஷையில் என்பவற்றை டாக்டர் கேட்காவிட்டாலும் குடும்பத்தார் சொல்லிவிட வேண்டும். இடக்கைப் பழக்கமும் அப்படியே. பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில். இடக்கைக்காரரில் சிலருக்கு அது வலப்பக்கத்திலும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பிரம்பால் வலக்கைக்கு மாற்றப்பட்டவர்கள் அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது.

எல்லாக் கட்டிக்கும் இவ்வளவும் தேவைப்படுவதில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதியும் இல்லை. தேவைப்படும் இடத்தில், நோயாளி விழித்துப் படுத்திருக்கிறார். பசு, குடை, விளக்கு என்று ஒவ்வொரு படமாகக் காட்டப்படுகிறது. அவர் பெயர் சொல்லிக்கொண்டே வருகிறார். மின்சாரம் தொட்ட ஓரிடத்தில் குடை என்ற சொல் வராமல் வாய் தடைப்பட்டால், அங்கே எண்ணிட்ட சிறு சீட்டு ஒன்று வைக்கப்படுகிறது. கட்டியில் கொஞ்சம் மிஞ்சினாலும் சரியென்று கத்தி அந்தச் சீட்டுக்கு இப்பாலேயே நின்றுவிடும். மிஞ்சியதைக் கதிராலும் மருந்தாலும் பிற்பாடு பார்த்துக்கொள்கிறார்கள்.