எல்1 என்றால் யார்?

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த சின்ன மென்பொருள் கம்பெனி ஒரு அரசு டெண்டரில் கலந்துகொண்டது. விலையைக் குறைத்துக் குறைத்து, லாபமே இல்லாத அளவுக்குக் கொண்டுவந்திருந்தோம். எங்கள் விலைக் கவர் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. "நாமதானே எல்1?" என்று மேனேஜர் புலம்பினார். எனக்கும் அப்போது அதே சந்தேகம்தான்.

டெண்டரை அரசு விளம்பரங்கள் 'ஒப்பந்தப்புள்ளி' என்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்று 1998-ல் ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ல் அதற்கான விதிகளும் வந்தன. பெரிய வேலைகளுக்கு வழக்கமாக இரட்டைக் கவர் முறை. முதல் கவரில் தகுதி, தொழில்நுட்ப விவரங்கள், இரண்டாவதில் விலை. முதல் கவரில் தேறியவர்களின் விலையை மட்டும்தான் திறப்பார்கள். ஆக, எல்1 என்பவர் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவர். 80 லட்சம் கேட்டவர் தகுதியில் விழுந்து, 90 லட்சம் கேட்டவர் தேறினால், 90 லட்சம்தான் எல்1. விலை அதிகம் என்று தோன்றினால் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம், ஆனால் அந்த எல்1-இடம் மட்டும்.

இ.எம்.டி என்ற முன்வைப்புத் தொகை பற்றியும் குழப்பம் உண்டு. அது கட்டணம் இல்லை. தோற்றவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். விலை செல்லுபடியாகும் காலத்துக்குள் பின்வாங்கினால் போச்சு. தமிழக விதிப்படி மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 2 முதல் 5 சதவீதம். ஜெயித்தவர் தனியாகச் செயல்திறன் பிணையம் கட்ட வேண்டும்.

எங்களை வீழ்த்தியது தகுதிப் பக்கத்தில் இருந்த ஒரே வரி: கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வளவு கோடி விற்றுமுதல் இருக்க வேண்டும். இந்த மாதிரி வரி நியாயமாகவும் இருக்கலாம். பாதியில் ஓடிவிடும் கம்பெனியிடம் யார் வேலையைக் கொடுப்பார்கள்? ஆனால் வேலையின் மதிப்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரிதாக இருந்தால், ஏற்கனவே ஒருவரை மனதில் வைத்து எழுதியது மாதிரிதான் எனக்குப் படும். "இதே வேலையை இதே அளவில் இதே துறைக்குச் செய்திருக்க வேண்டும்" என்று இருந்தால் இன்னும் சந்தேகம்.

அதை எதிர்த்துக் கேட்க வேண்டிய இடம் ப்ரீ-பிட் கூட்டம், அதாவது புள்ளி கொடுப்பதற்கு முந்தைய விளக்கக் கூட்டம். நாங்கள் அதற்குப் போகவே இல்லை. விலை எக்செல்லில் மும்முரமாக இருந்தோம்.