கட்டைவிரலுக்கு எட்டும் தூரம்

எங்கள் பக்கத்தில் போனைப் பிடிக்க இரண்டு கையும் கிடைப்பது அபூர்வம். ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்கும். வாலாஜாபாத்தில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். இடுப்பில் பிள்ளை, இடது கையில் ரேஷன் கார்டும் ஆதார் நகலும், வலது கையில் ஆறரை அங்குல போன். "ஓடிபி வந்திருக்கா பாருங்கம்மா" என்றால், போனை உள்ளங்கைக்குள்ளேயே மெல்ல நகர்த்தி, கட்டைவிரலை நீட்டி, திரையின் உச்சியில் இருக்கும் அறிவிப்பை இழுக்கப் பார்ப்பார்கள். போன் நழுவுவது அந்த நொடியில்தான்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஸ்டீவன் ஹூபர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பொது இடங்களில் 1,333 பேர் போன் பயன்படுத்துவதைக் கவனித்து 2013இல் எழுதினார். திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையால்தான் எல்லாம் செய்தார்கள். 36 சதவீதம் பேர் ஒரு கையில் ஏந்தி மறு கையால் தொட்டார்கள். அப்போது போன்கள் சிறியவை.

2007இல் வந்த முதல் ஐபோனின் திரை மூன்றரை அங்குலம். எடை 135 கிராம். 2011இல் சாம்சங் கேலக்ஸி நோட் 5.3 அங்குலத்தில் வந்தபோது இவ்வளவு பெரிதா என்றார்கள். இன்று ஆறரை அங்குலம் சாதாரணம். கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் எடை ஏறக்குறைய 232 கிராம், கவர் தனி. இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. பழைய வடிவ ஐந்தரை அங்குலத் திரையும், இப்போதைய நீண்ட வடிவ ஆறரை அங்குலத் திரையும் அகலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுமே சுமார் 68 மில்லிமீட்டர். வளர்ந்தது உயரம்: 122 மில்லிமீட்டரிலிருந்து 150. ஆக, பிடிப்பது கஷ்டமாகவில்லை. மேலே எட்டுவதுதான் கஷ்டமாகிவிட்டது. வலது கையில் பிடிப்பவருக்கு மேல் இடது மூலைதான் மிகத் தொலைவு. பல செயலிகளில் 'பின்னே போ' அம்புக்குறி இருப்பதும் அங்கேதான்.

அதற்கு வழியும் போனுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் செட்டிங்ஸின் அடியில் இருக்கிறது. விற்கிறவர் சொல்வதில்லை, வாங்குகிறவர் தேடுவதில்லை. சாம்சங்கில் அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் பகுதியில் 'ஒன் ஹேண்டட் மோட்' இருக்கும். அதைப் போட்டுவிட்டு, திரையின் கீழ் விளிம்பின் நடுவில் விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் முழுத் திரையும் சுருங்கி ஒரு மூலைக்கு வரும். எந்தப் பக்கம் என்பதையும் மாற்றிக்கொள்ளலாம். கீழே மூன்று பட்டன் வைத்திருப்பவர்கள் ஹோம் பட்டனை இரண்டு முறை தட்டும்படி வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் இதன் பெயர் 'ரீச்சபிலிட்டி'. 2014இல் ஐபோன் 6 வந்தபோதே வந்தது. அது திரையைச் சுருக்காது, மேல் பாதியைக் கீழே இறக்கித் தரும். ஆண்ட்ராய்டு 12 முதல் கூகுளும் இதே மாதிரி ஒன்றை ஆண்ட்ராய்டிலேயே சேர்த்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸ் தேடலில் 'ஒன் ஹேண்டட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் போதும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய உதவி கீபோர்டு. கூகுளின் ஜிபோர்டில் கமா விசையை அழுத்திப் பிடித்தால் கையில் பிடித்த போன் படம் ஒன்று வரும். அதைத் தொட்டால் எழுத்துகள் எல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். ஐபோனில் இதற்கு உலக உருண்டை அல்லது சிரிப்பு முகம் உள்ள விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். தமிழில் அடிக்க நேரமில்லாதவர்களுக்கு மைக் இருக்கிறது, பேசினால் எழுதும்.

அய்யம்பேட்டையில் என் அத்தை பட்டு நெய்கிறார். குழித்தறியில் கால் கீழே மிதித்துக்கொண்டிருக்கும், கை நாடாவிலும் இழையிலும். பாவில் ஓர் இழை அறுந்தால் அதைத் தேடிப் பிடித்து முடி போடும்வரை இடது கையை எடுக்க முடியாது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கரை நிறம் கேட்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். "ஏம்மா, இத்த ஒத்தக் கையில எப்படிப் பேசி அனுப்புறது?" என்று ஒருநாள் கேட்டார். மைக் படத்தை அழுத்திக்கொண்டே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், பிறகு விரலை எடுத்துவிடலாம் என்று காட்டினேன். போனைத் தறிச் சட்டத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, முடியைப் போட்டுக்கொண்டே நிறத்தைச் சொல்லி முடித்தார். மேல் மூலை அம்புக்குறியையும் மறக்கச் சொன்னேன். ஜெஸ்ச்சர் முறைக்கு மாற்றிவிட்டால், ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து உள்நோக்கி இழுத்தாலும் பின்னே போகும்.

மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் ஊரில் பார்வேட்டை உற்சவம். காஞ்சி வரதராஜர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடலுக்கு வருவார். ஐந்து பெருமாள்களை ஒன்றாகச் சேவிக்கலாம். கூட்டத்தில் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: திரையில் வெள்ளை வட்டத்தைத் தேட வேண்டாம். பக்கவாட்டில் உள்ள வால்யூம் பட்டனை அழுத்தினாலே படம் விழும். பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை இரண்டு தடவை தட்டினால் கேமரா திறக்கும்.

கைவலியையும் சொல்லியாக வேண்டும். கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் வலி, முறுக்கினால் சுரீர் என்று இழுக்கும். கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் ஓடும் உறை தடித்துப்போவதால் வருவது. 1895இல் இதை விவரித்த ஃபிரிட்ஸ் டி குவெர்வைன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயராலேயே அழைக்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கு அதிகம் வரும். ஏற்கெனவே வலி உள்ள கையில் நாள் முழுக்கக் கட்டைவிரலை நீட்டி நீட்டித் தள்ளினால் அது ஆறாது. சுண்டுவிரலை அடியில் முட்டுக்கொடுத்து முழு எடையையும் அதன்மேல் ஏற்றுவதும் வேண்டாம். பின்னால் ஒட்டும் வளையமோ கைப்பட்டையோ இருந்தால் பிடி விரல்களுக்குப் பரவும், நழுவுவதும் குறையும். வலி வாரக்கணக்கில் போகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். எங்கள் திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் உள்ள வீரராசேந்திர சோழன் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டிலேயே இங்கு 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர் சாலை நடந்ததைச் சொல்கிறது. வைத்தியரும் அறுவை செய்பவரும் அதில் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் கைவலியைத் தைலத்தோடு விட்டுவிடுவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

வாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவர்கள், விபத்தில் கை போனவர்கள் எங்கள் மையத்துக்கு வருகிறார்கள். மற்றவர்களுக்கு இந்த வசதிகள் சௌகரியம். இவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஓய்வூதியமும் வங்கியும் போனுக்குள் போய்விட்ட காலத்தில், இடது கை மட்டுமே உள்ளவரிடம் வலது கைக்கு வாகான திரையைக் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. புதுப் போனை முதல்முறை திறக்கும்போது என்ன மொழி, எந்த நாடு, வைஃபை எது என்று வரிசையாகக் கேட்கிறார்கள். எந்தக் கையால் பிடிப்பீர்கள் என்ற கேள்வியும் அந்த வரிசையில் வர வேண்டும். அது வரும்வரை, விற்கிற கடைக்காரர் கவர் போட்டுக்கொடுக்கும் நேரத்திலேயே இந்த ஒரு கை வசதிகளையும் அமைத்துத் தரலாம்.