கம்பெனி கைவிட்டது; சங்கம் கைகொடுத்தது

இயந்திரம் இல்லை, பெட்ரோல் இல்லை. மலைச்சரிவில் நாலடி ஓடி, காற்றையே துணையாகக் கொண்டு, கழுகுபோல் வட்டமிடுகிறான் மனிதன். தலைக்கு மேலே இருப்பது முக்கோணச் சிறகானால் ஹாங்கிளைடர் என்கிறார்கள். விரிந்த துணிக்குடையானால் பாராகிளைடர். இவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு சங்கம் உண்டு. 1970-களின் தொடக்கத்தில், மூங்கிலையும் பிளாஸ்டிக் தாளையும் கட்டிக்கொண்டு மேடுகளிலிருந்து குதித்துப் பார்த்த கலிபோர்னியா இளைஞர்களிடையே தோன்றிய சங்கம் அது.

"பொழுது போகாதவர்கள் பறக்கிறார்கள், ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிற நமக்கு அதில் என்ன?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். சந்தா கட்டிச் சங்கம் நடத்துகிற எவருக்கும் அவர்களுடைய கணக்குப் புத்தகம் அந்நியமானதல்ல என்பது நமது பதில்.

பறப்பதற்குக் காற்று மட்டும் போதுமா? குதிக்கக் குன்று வேண்டும்; இறங்க வெளி வேண்டும். அவை யாருடையவை? சான் டியாகோவிலுள்ள டாரி பைன்ஸ் முகடு நகராட்சிக்குச் சொந்தம். சான் பிரான்சிஸ்கோவின் போர்ட் பன்ஸ்டன் தேசியப் பூங்காத் துறையின் வசம். இன்னும் பல, தனியார் நிலங்கள். நிலத்துக்காரர் கேட்பது ஒரே கேள்வி: "உங்கள் ஆள் விழுந்து, கீழே நிற்பவன் மண்டை உடைந்து, அவன் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தால் பணம் கட்டுவது யார்?" அதற்கு விடையாகச் சங்கம் நீட்டுகிற தாள்தான் இன்ஷ்யூரன்ஸ் பத்திரம். அது இல்லையேல் பல குன்றுகளின் கதவு சாத்தப்படும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்த இன்ஷ்யூரன்ஸ் பிறருக்கு நேரும் தீங்குக்காக. பறந்தவன் தன் காலையே முறித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதிலிருந்து ஒரு காசு வராது. போதாக்குறைக்கு, வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவன் கையெழுத்தும் போட்டிருக்கிறான்! அப்படியானால் சந்தாவில் ஒரு பங்கை இதற்கு ஏன் தருகிறான்? குன்றுக்காகத் தருகிறான்.

2015-இல் வந்தது இடி. ஆண்டுதோறும் பிரீமியம் வாங்கிவந்தவர்கள், இனிப் புதுப்பிக்க மாட்டோம் என்றனர். நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் ஏறிவிட்டனவாம்! ஆட்கள் கொஞ்சம், ஆபத்து அதிகம். இலாபக் கணக்குப் போடுகிறவனுக்கு இந்தச் சரக்கு கசந்ததில் வியப்பென்ன? மழை வராதவரை குடை தருகிற வள்ளல்கள்!

சங்கம் ஓய்ந்து உட்காரவில்லை. 1986-இல் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டம், ஒரே வகை அபாயம் உள்ளவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி அமைத்துக்கொள்ள இடம் தருகிறது. காப்புப் பெறுகிறவர்களே அதன் உடைமையாளர்கள். ஒரு மாநிலத்தில் அனுமதி பெற்றால் நாடெங்கும் நடத்தலாம். ஆனால் மூலதனம்? சுமார் 20 லட்சம் டாலர்! கோடீசுவரர் சங்கமல்ல அது. உறுப்பினர்களும் ஊர்க் கிளப்புகளும் நன்கொடை கொடுத்தனர். 2016-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பதிவான சொந்தக் கம்பெனி நடக்கத் தொடங்கியது.

பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு நின்றுவிட முடியவில்லை.

நேற்றுவரை ஒருவன் கவனமின்றிப் பறந்தால் நட்டம் எங்கோ இருந்த கம்பெனிக்கு. இன்றோ, தோழனின் பைக்கு. ஆகவே, யார் எவ்வளவு ஆபத்தைக் கொண்டுவருகிறார் என்பதைக் கூசாமல் கேட்டாகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை தனியே பறந்துவிட்டு வீடு திரும்புகிறவன் ஒருவன். காசு வாங்கிக்கொண்டு, பறந்தே அறியாத ஒருவரைத் தன்னோடு கட்டித் தூக்கிச் செல்கிறவன் இன்னொருவன். அமெரிக்காவின் 1982-ஆம் ஆண்டு விதி இத்தகைய சிறகில் ஒருவர் பறக்கவே இடம் தருகிறது. இருவர் பறப்பது பயிற்சிக்கென்று தரப்பட்ட விலக்கு. அந்த விலக்கை வைத்து வாணிபம் செய்கிறவன் கொண்டுவரும் அபாயத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைக்காரன் சந்தா கட்டுவதா? கூடாது என்கிறோம். தொழிலாக நடத்தும் பள்ளிகளைத் தனியே சோதித்து, அவற்றின் காப்பையும் தனியே பிரித்தது சரியான வழி. அந்தப் பிரிவினையில் நாளை விட்டுக்கொடுக்கலாகாது.

இன்னொன்று. சாதாரண இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி திவாலானால் கைகொடுக்க மாநிலங்களில் உத்தரவாத நிதி உண்டு. உறுப்பினரே நடத்தும் இத்தகைய கம்பெனிக்கு அது கிடையாது; பாலிசியிலேயே அந்த எச்சரிக்கையை அச்சிடவேண்டும் என்பது சட்டம். பெரிய தீர்ப்பு இரண்டு அடுத்தடுத்து வந்தால், மறுகாப்பு தாங்குகிற அளவுக்கு மேல், திரட்டிய நிதி கரையும். ஆகவே நிலுவையில் எத்தனை வழக்கு, அவற்றுக்கென ஒதுக்கியது எவ்வளவு, நிருவாகச் செலவு எவ்வளவு, வக்கீலுக்குப் போனது எவ்வளவு என்ற நான்கு எண்களையும், சிறிய எழுத்தில் ஒளிக்காமல், ஆண்டுச் சந்தாவை உயர்த்தக் கேட்கிற அதே தாளில் அச்சிட்டு ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் கொடுக்கட்டும்.