மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கட்டும்

அபுதாபியின் லிவா பக்கம் மணல்மேடு ஏறப் போகிறவர்கள், தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு வேலைகள் செய்வார்கள். டயரில் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவார்கள். பிறகு, கார் படத்துக்குப் பின்னால் நெளிந்த கோடுகள் போட்ட பட்டனை அழுத்தி டிராக்ஷன் கன்ட்ரோலை அணைப்பார்கள். காற்றை ஏன் இறக்குகிறார்கள் என்பது எளிதில் புரியும்: டயர் அகலமாகப் படிந்தால் வண்டி புதையாது. ஆனால், வழுக்காமல் காக்கும் கருவியை வழுக்கும் இடத்தில் ஏன் அணைக்க வேண்டும்?

ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஏபிஎஸ் சென்சார்கள் அளந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சக்கரம் அளவுக்கு மீறிச் சுற்றினால், பிடி போய்விட்டது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. உடனே இன்ஜினின் விசையைக் குறைக்கிறது. அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. 1978-ல் ஏபிஎஸ்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜெர்மனியின் போஷ் நிறுவனம், 1986-ல் இந்த டிராக்ஷன் கன்ட்ரோலையும் கொண்டுவந்தது. மழையிலும் பனியிலும் வழுக்கும் சாலைகளுக்கு அருமையான ஏற்பாடு.

சாலையில் சக்கரம், வண்டி ஓடும் வேகத்தைவிட ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் சுற்றும்போது டயரின் பிடி உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் பிடி குறையும். உலர்ந்த மணலின் கணக்கே வேறு. அங்கே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. டயர் பின்னுக்குத் தள்ளும் மணல் நெருங்கி இறுகினால்தான் வண்டியை முன்னுக்குத் தள்ளும் விசை கிடைக்கும். மணல் இறுக வேண்டுமானால் சக்கரம் கணிசமாக வழுக்கியாக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. மேட்டின் பாதியில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்திருக்கிறீர்கள். மஞ்சள் விளக்கு மினுக்குகிறது, இன்ஜின் சத்தம் அடங்குகிறது, வேகம் சரசரவென இறங்குகிறது. முன்சக்கரங்களுக்கு எதிரே மணல் குவிகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக வேகம்தான் வேண்டும். அந்த வேகத்தைத்தான் கருவி பறித்துவிட்டது. நின்ற பிறகும் மிதித்தால் சக்கரம் தனக்கே குழி தோண்டும், சேசிஸ் மணலில் உட்கார்ந்துவிடும். நின்றதும் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இதை வைத்து, காட்டுப் பாதை என்றாலே பட்டனை அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பாறைகளில் மெதுவாக ஏறும்போது ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு விசையைத்தான் பகிரும். தொங்கும் சக்கரம் தடையின்றிச் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை கிடைக்காமல் போகும். அப்போது டிராக்ஷன் கன்ட்ரோல் தொங்கும் சக்கரத்துக்கு பிரேக் பிடித்தால், மறுபக்கச் சக்கரம் உயிர்பெற்று இழுக்கும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி இரண்டிலும் இந்த பிரேக் உத்தி உண்டு. ஆக, பாறையில் டிராக்ஷன் கன்ட்ரோல் வேண்டும், ஆழ்மணலில் வேண்டாம்.

பல வண்டிகளில் பட்டனைத் தொட்டு எடுத்தால் இன்ஜின் விசையைக் குறைக்கும் வேலை மட்டும் நிற்கும். சில நொடி அழுத்திப் பிடித்தால் வளைவுகளில் வண்டி நிலைகுலையாமல் காக்கும் இஎஸ்பியும் சேர்ந்து நின்றுவிடும். உங்கள் வண்டியில் எப்படி என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். உயரமான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் கவிழ்வதைத் தடுப்பதில் இஎஸ்பிக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் 2012 மாடல் கார்கள் முதல் அது கட்டாயம். மணலை விட்டுச் சாலைக்கு வந்ததும் டயருக்குக் காற்றை நிரப்புங்கள். பட்டனை அழுத்தி, டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு வேகமெடுங்கள்.