உலோகத்தை ஏற்கும் எலும்பு

இடுப்பு மூட்டுத் தேய்ந்த கற்பிட்டி மீனவர் ஒருவருக்கு மருத்துவர் தைத்தேனியத் தண்டைப் பொருத்தலாம். அது எலும்புடன் பிணையாது தளர்ந்தால், மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டும். இதனைத் தவிர்க்கவே தண்டின்மேல் பீங்கானையொத்த மெல்லிய பூச்சு இடப்படுகிறது. அப்பூச்சு, எலும்பின் கனிமத்தை ஒத்த ஐதரொட்சி அப்பற்றைற்று என்னும் கல்சியம் பொசுபேற்று ஆகும். அதன் தூளை மிகு வெப்பத்தில் உருக்கி உலோகத்தின்மீது விசிறுவர். உடலினுள் பூச்சின் மேற்பரப்புச் சிறிதளவு கரைந்து, அதே கனிமம் மீளப் படிய, அதன்மேல் புதிய எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்கிறது. 1985 ஆம் ஆண்டில் இலண்டனில் ஃபேர்லோங் என்னும் மருத்துவர் இத்தகைய இடுப்புத்தண்டைப் பொருத்தினார்.

கற்பிட்டிக் கடலின் பவளமும் கல்சியச் சேர்வையே. பவளத்தை இக்கனிமமாக மாற்றும் முறை 1974 இல் வெளியாயிற்று. ஆயினும், 1992 முதல் கடற் சரணாலயமாயுள்ள அப்பவளப்பாறையை உடைக்க வேண்டியதில்லை; இரசாயன முறையிலும் இக்கனிமத்தை ஆக்கலாம். மீனவரின் மூட்டும் தேறும். அவர் பிழைக்கும் கடலும் காக்கப்படும்.